மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை

நோன்புப் பெருநாள் நெருங்கினால் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. 1863இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கடைத்தெரு அது. ஜவுளிக்கடைக்காரர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். தமிழில் கணக்குப் போட்டு, மலாயில் விலை சொல்வார்கள். வாங்க வருவோரில் பெரும்பாலோர் துடோங் என்னும் தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண்கள். அவர்கள் துணி பார்க்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் துணியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே கை தெரிகிறதா என்று சோதிக்கிறார். இன்னொருவர் கைக்குள் கசக்கிவிட்டு, சுருக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காத்திருக்கிறார். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நடந்து பார்ப்பவரும் உண்டு. அடக்கமாக உடுத்துகிறவர்களுக்கு அலங்காரத்தில் என்ன ஆசை இருக்கப்போகிறது என்று நினைப்பவர்கள் இந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இவ்வளவு பாடும் ஒரு பாஜு கூரோங்குக்காக. முழங்கால் வரை தளர்வாக விழும் மேலாடை, மணிக்கட்டைத் தொடும் கை, கணுக்கால் வரை இறங்கும் பாவாடை. மலேசியப் பெண்களின் தேசிய உடை என்றே இதைச் சொல்லலாம். மரபான வெட்டில் உடம்பின் வளைவுக்கு ஏற்ப எதையும் குறுக்கிப் பிடிப்பதில்லை. முன்னும் பின்னும் நேரான துணி, பக்கவாட்டில் கீழே போகப்போக விரியும் ‘பெசாக்’, அக்குளில் ‘கெக்கெக்’ என்னும் சிறு சதுரத் துண்டு. கையைத் தூக்கினாலும் மேலாடை ஏறாதபடி, நெஞ்சை இறுக்காதபடி பார்த்துக்கொள்வது அந்தச் சிறு துண்டுதான். ஈரப்பதமும் வெக்கையும் ஆண்டு முழுவதும் விடாத ஊரில் உடுப்புக்குள் காற்று ஓட வேண்டும் என்பதை அறிந்தவர்களின் வெட்டு இது.

உருவம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டதால் ரசனை வேறு இடங்களில் குடியேறுகிறது. ஜொகூர் சுல்தான் அபு பாக்கரின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் தெலுக் பெலாங்கா பாணியில் கழுத்துக்குக் காலர் கிடையாது. வட்டமாக வெட்டி, முன்னால் சிறிது பிளந்து, ஓரத்தில் ‘துலாங் பெலுட்’ என்ற தையல் போடுவார்கள். விலாங்கு மீனின் முள்ளைப் போல நெருக்கமாகப் பின்னிப் போகும் அந்தக் கைத்தையலை வைத்தே தையல்காரரின் தரத்தை எடை போடும் பாட்டிமார் உண்டு. கெடா மாநிலத்துக் கூரோங் இடுப்போடு நின்றுவிடும், கையும் குட்டையாக அகன்றிருக்கும். பஹாங் பாணியில் முன்புறம் முழுக்கத் திறந்து பொத்தான்கள் வரும். பாவாடையின் ஒரு பக்கத்தில் அலையலையாக மடிப்பு வைப்பது தனி வித்தை. துணியோ, கிளந்தான், திரெங்கானு பாத்திக்கிலிருந்து ஜரிகை ஓடும் சோங்கெட் வரை கிடைக்கும். பெருநாளுக்குக் குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்தும் வழக்கம் வேறு இருப்பதால், நல்ல தையல்காரர்கள் நோன்பு தொடங்கும் முன்பே ‘இனி ஆர்டர் இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

அடக்கத்தின் அளவுகோல் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததும் இல்லை. திரைக்கலைஞர் பி. ரம்லியின் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான சலோமா 1960களில் உடலைப் பிடித்த கெபாயா என்னும் மேலாடையில் மேடையேறினார். மணிக்கட்டு மூடியிருந்தது, கணுக்கால் மூடியிருந்தது; தலை திறந்திருந்தது. அன்றைக்கு அது நாகரிகம். 1970களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்களிலிருந்து எழுந்த சமய மறுமலர்ச்சிக்குப் பிறகு துடோங் பரவியது, வெட்டுகள் தளர்ந்தன. இன்றைக்கு இரண்டுமே வாழ்கின்றன. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த கெபாயாவை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது.

அடக்கத்துக்குள் இருக்கும் இந்த அலங்கார ஆசையை வணிகம் சீக்கிரமே புரிந்துகொண்டது. மலேசிய நடிகை நீலோஃபா 2014இல் தொடங்கிய துடோங் நிறுவனம் விரைவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது. 2015இல் ஜப்பானின் யூனிக்லோ, பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஹானா தஜிமாவின் ஆடைகளைத் தென்கிழக்காசியாவில் இறக்கியது. ஜப்பானியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்து, பதின்ம வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர் தஜிமா. தனக்கு உடுத்த ஏற்றது கடையில் இல்லாதபோது ஒரு பெண் தானே வரைந்து வெட்டத் தொடங்குவதில் பெரிய துணிச்சல் இருக்கிறது.

சந்தை தேடி வருவது எப்போதும் நல்லதாக முடிவதில்லை. கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹலீமா ஏடன், 2016இல் மினசோட்டா அழகிப் போட்டியில் ஹிஜாபோடு கலந்துகொண்டவர். அடுத்த ஆண்டே பெரிய மாடலிங் நிறுவனம் ஒன்று, ஹிஜாபை நீக்கச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்று அவரை ஒப்பந்தம் செய்தது. 2020 நவம்பரில் அவர் மேடையை விட்டு விலகினார். தலைத்துணிக்குப் பதில் ஜீன்ஸைத் தலையில் சுற்றிப் படம் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதில் இருந்தது தன் ஹிஜாபே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். உடை மீதிருந்த ஆசை அவரை விட்டுப் போகவில்லை. பின்னர் துருக்கியின் மொதானிசா நிறுவனத்துக்காக வடிவமைப்பில் இறங்கினார். எல்லைக்கோட்டைத் தானே வரைய முடிந்த இடத்துக்கு அவர் நகர்ந்தார், அவ்வளவுதான்.

எல்லையைப் பிடுங்கிக்கொள்வது சந்தை மட்டும் அல்ல. 2015இல் மலேசியாவின் அரசு அலுவலகம் ஒன்றில், பாவாடை குட்டை என்று சொல்லி ஒரு பெண்ணின் கையில் சாரோங்கைக் கொடுத்து உடுத்திக்கொள்ளச் சொன்னார்கள். நாடே அதைப் பேசியது. கவுண்டரில் கட்டிவிடப்படும் சாரோங்கில் கண்ணியம் எதுவும் இல்லை. அவமானம் மட்டும்தான் இருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பெண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. அவள் எவ்வளவு மறைக்க வேண்டும் என்பதையும் எவ்வளவு அழகாக இருக்க வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் தானே முடிவு செய்கிறாள்.

மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கும் பாஜு கூரோங் அயல் உடை இல்லை. இடைநிலைப்பள்ளிச் சீருடையாகவே, வெள்ளை மேலாடையும் வெளிர்நீலப் பாவாடையுமாக அதை உடுத்தி வளர்ந்தவர்கள் ஏராளம். வேலைக்குப் போன பிறகு அலுவலகத்துக்குக் கூரோங், கோயிலுக்குச் சேலை, திருமண விருந்துக்குப் பஞ்சாபி சூட் என்று அலமாரி மூன்றாகப் பிரிந்துகொள்கிறது. எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. மலாய்ப் பெண்கள் சேலையை வாங்கி அதிலேயே கூரோங் தைத்துக்கொள்கிறார்கள். ஐந்தரை மீட்டர் துணி ஒரு கூரோங்குக்குத் தாராளம். கரையைப் பாவாடையின் அடியில் ஓட்டலாம், மிஞ்சினால் கையின் ஓரத்தில் வைக்கலாம். முந்தானையை என்ன செய்வது என்பதில்தான் தையல்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வாக்குவாதம் நீளும்: மேலாடையின் முன்பக்கமா, பின்பக்கமா, அல்லது வெட்டாமல் தோளில் போடும் செலெண்டாங்காகவே விட்டுவிடுவதா என்று.