சுவரில் ஒரு பிரெஞ்சு வாத்தியார்

அக்கா வீட்டுக் கூடத்தில் தினசரிக் காலண்டருக்கும் அத்தான் படத்துக்கும் நடுவே ஒரு பெரிய வர்ணப் படம் தொங்குகிறது. மாப்பிள்ளை பிரான்ஸிலிருந்து சுருட்டி அனுப்பியது. கட்டம் கட்டமாகச் சித்திரங்கள். ஒன்றில் இருவர் கை குலுக்குகிறார்கள். ஒன்றில் ஒரு பெண்மணி ரொட்டிக்கடையில் நிற்கிறாள். இன்னொன்றில் ஒருவன் ரயிலடிக்கு வழி கேட்கிறான். ஒவ்வொன்றின் அடியிலும் பிரெஞ்சு வாசகம். அதற்கும் அடியில் பென்சிலால், அக்காவின் கோணல் எழுத்தில், தமிழ் உச்சரிப்பு. அக்காவுக்கு 58 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

அந்நிய பாஷை நாகப்பட்டினத்துக்குப் புதிய சங்கதி அல்ல. சாவியும் ஜன்னலும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள். கக்கூஸும் துட்டும் டச்சுக்காரர்கள் விட்டுப்போனவை. காதால் கேட்டு வாங்கிக்கொண்டோமே தவிர, யாரும் படம் மாட்டிக் கற்கவில்லை. பிரெஞ்சு மட்டும் பக்கத்திலேயே இருந்தும் எங்களிடம் ஒட்டவில்லை. நாகூரையும் வாஞ்சூரையும் தாண்டினால் காரைக்கால். ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட காலம் போக, 1739 முதல் 1954 வரை அங்கே பிரெஞ்சு ராஜ்யம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரருக்கு இன்னும் அங்கே ‘சொல்தா’ என்றுதான் பெயர். 1962 ஆகஸ்ட் 16 அன்று அந்தப் பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அந்த மண்ணில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒப்பந்தம். மாப்பிள்ளையின் தாத்தா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தின் பலன், அக்காவின் பேரன் இன்று பாரிஸுக்குப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் வராது. கைப்பேசியில் பாட்டியின் முகத்தைப் பார்ப்பான், சிரிப்பான், ஓடிவிடுவான்.

படம் காட்டிப் பாஷை கற்பிப்பது பழைய வித்தை. மொராவியா தேசத்துக் கொமேனியஸ் என்ற பாதிரியார் லத்தீன் கற்பிக்கப் படப் புத்தகம் போட்டது 1658இல். டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்த அதே வருஷம். பிறகு, 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தப்பாகச் சொன்னால் சிரிக்கப் பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். அக்காவின் வாத்தியாரோ ஆணியில் தொங்குகிறார்.

‘ஒ ரெவுவார்’ அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. மறுபடி பார்க்கும் வரை என்று பொருள். “பாரேன், அவங்களும் போறேன்னு சொல்றதில்லை” என்றாள். ஆனால் சௌக்கியமா என்று கேட்கும் ‘சா வா’வில் தகராறு வந்தது.

“நல்லா இருக்கு! பிள்ளையைப் பார்த்து வாயைத் திறந்ததுமே ‘சா’ங்கிறதா?”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த கட்டத்திலிருந்த ‘கொமான்தாலே வூ’ என்பதை எடுத்துக்கொண்டாள். அரிசி களையும்போதும் கோலம் போடும்போதும் ஒரு வாரம் உருப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேரன் முகம் தெரிந்ததும், ஒரு பிசகில்லாமல் சொன்னாள்.

பையன் சிரிக்கவில்லை. தாயாரைத் திரும்பிப் பார்த்து என்னவோ கேட்டான். மகள் மழுப்பினாள். அக்கா விடவில்லை.

“பாட்டிக்கு என் மேலே கோபமான்னு கேக்குறாம்மா.”

‘வூ’ என்றால் ‘நீங்கள்’. கடைக்காரருக்கும் டாக்டருக்கும் உரியது. வீட்டுப் பிள்ளைக்கு ‘தூ’. அதுவும் நம் காதுக்கு நல்ல சொல்லாக விழவில்லை, வாஸ்தவம். ஆனால் வாடா என்று மடியில் இழுத்துப் போட வேண்டியவனை, வாருங்கள் ஐயா என்று வாசலில் நிறுத்தியதாகிவிட்டது. கை குலுக்குகிற அந்த இருவரும் உறவா, அசலா என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறதா என்ன? அகராதியும் கையுமாக உட்கார்ந்து உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தவன் நான். இதைச் சொல்லாமல் விட்டவனும் நான்தான். அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மறுநாள் காலை போனபோது படத்தின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பி, சாப்பிட்டியாங்கிறது எந்தக் கட்டம்?”

தேடினேன். ஹோட்டலில் பலகாரம் கேட்க ஒரு கட்டம் இருந்தது, பில் கேட்க ஒன்று இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கக் கட்டமே இல்லை. அக்கா படத்தின் கீழ் ஓரத்தில் கோணலாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ஒரு தட்டு வரைந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்: ‘தூ ஆ மான்ழே?’ ழகரம் போட்டாலும் அது நம் வாழைப்பழத்து ழகரமல்ல, ஜாவை மெல்லக் குழைத்துச் சொல்ல வேண்டும் என்பதையும் இந்தத் தடவை மறக்காமல் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு கேட்டாள். பையன் முகம் கைப்பேசிக்கு வெகு அருகில் வந்தது. “வுய்” என்றான். பிறகு மூச்சு விடாமல் என்னென்னவோ சொன்னான். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“என்னமோ புவாசோன் புவாசோன்னானே, அது என்னடா?”

“மீன், அக்கா.”

“என்ன மீனுன்னு கேக்கணுமே. அதுக்கு எப்படிச் சொல்றது?” என்று பென்சிலைத் தேடினாள்.