கழுத்தளவு தண்ணீரில் ஒரு பூங்கா

மேற்கு மாம்பலத்து வீட்டிலிருந்து பனகல் பூங்காவுக்குப் போக தாத்தாவுக்கு ஒரே வழிதான். லேக் வியூ ரோட்டைக் கடந்து, மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறி, ரங்கநாதன் தெருவில் இறங்கி, உஸ்மான் ரோட்டைப் பிடிப்பார். எழுபதுகளின் தொடக்கம் அது. ரங்கநாதன் தெருவில் அப்போது கடைகளுக்கு நடுவே திண்ணை வைத்த வீடுகளும் இருந்தன. கூடையில் காய் விற்கும் அம்மாக்கள் தாத்தாவுக்குப் பழக்கம். அவர்களிடம் நின்று ஊர்க்கதை பேசாமல் அவர் நகர மாட்டார்.

அதற்கு முன்பே, ரயில்பாதைக்கு மேலே நடைபாலத்தில், ஒருமுறை நிற்பார். தாம்பரம் வண்டி கீழே கிளம்பிப் போகும். பாலத்தின் கம்பிகள் அதிர்வதை உள்ளங்கையில் உணர்ந்தபடி நான் காத்திருப்பேன். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் கிழக்கே கை நீட்டுவார்.

"தண்டவாளத்துக்கு அந்தாண்ட பூரா தண்ணிதான்டா கண்ணு. கண்ணுக்கெட்டின தூரம் ஏரி."

எனக்குத் தெரிந்ததெல்லாம் மொட்டை மாடிகளும் தென்னை மரங்களும்தான். தாத்தா மாம்பலம் கிராமமாக இருந்த காலத்தில் பிறந்தவர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த நெடிய ஏரியின் கரையில் மாடு ஓட்டியவர். எதிர்க்கரைக்கு அப்பால் மவுண்ட் ரோடு. வெள்ளைக்காரர்கள் படகுப்போட்டி நடத்திய அளவுக்கு அகன்ற ஏரி அது. அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, 1923-ல், அதை வடித்துத் தூர்க்கத் தொடங்கினார்கள். நீதிக்கட்சி ஆட்சி, பனகல் ராஜா முதலமைச்சர். பெருகி வந்த பட்டணத்துக்கு வீட்டுமனை வேண்டியிருந்தது. எழும்பிய புதுநகருக்குக் கட்சித் தலைவர் தியாகராயர் பெயரையும், அதன் நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகல் ராஜா பெயரையும் வைத்தார்கள். "மீனெல்லாம் சேத்துல துள்ளுச்சு. ஊரே கூடை எடுத்துக்கிட்டு ஓடுச்சு" என்பார். அந்த மீன் விருந்தைச் சொல்லும்போது அவர் குரலில் மகிழ்ச்சி இருந்ததே இல்லை.

பூங்காவுக்குள் நுழைந்தால் முதலில் ராஜாவின் சிலை. பிறகு வளைந்து போகும் பாதைகள், பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். வெயில் சாயச் சாய அவற்றின் இலைகள் மெல்ல மடங்குவதைத் தாத்தாதான் காட்டிக் கொடுத்தார். பூங்கா ரேடியோ செய்தி வாசிக்கத் தொடங்கினால் சிமென்ட் பெஞ்சுகளில் இருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். காகிதப் பொட்டலத்தில் சூடான வேர்க்கடலை. உப்பு ஒட்டிய விரல்களை அரைக்கால் சட்டையில் துடைத்துக்கொள்வேன்.

"இப்ப நாம எவ்வளவு ஆழத்துல நிக்கிறோம் தாத்தா?"

"எனக்குக் கழுத்தளவு. உனக்குத் தலைக்கு மேல."

உடனே கன்னங்களை உப்பிக்கொண்டு மூச்சடக்கி நடப்பேன். தலைக்கு மேலே காகங்கள் பறந்தால் அவை மீன்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாக்கள் எல்லாம் ஏரிக்கடியில் செய்தி கேட்பவர்கள். தாத்தா சிரிக்காமல் கூடவே நடந்து, "இங்க இன்னும் ஆழம், கையைப் பிடிச்சுக்க" என்று எச்சரிப்பார். சென்னையில் நான் முதன்முதலாகப் பார்த்த ஏரி அதுதான். அவர் சொல்லச் சொல்ல அதன் கரைகள் எனக்கு மனப்பாடமாயின.

1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தபின் கல்தேர் பார்க்கக் கூட்டிப்போனார். குறள்களைப் பொறித்த மண்டபத்தில் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார், திருத்தினார். வெளியே வந்ததும் தேரை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏரியோட இந்தப் பக்கம் மட்டும் பாக்கி இருந்துச்சு" என்றார். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை.

ஐப்பசி மழையில் உஸ்மான் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப் போவார். எந்தத் தெருவில் முதலில் நிற்கும், எங்கே கடைசியில் வடியும் என்று முன்கூட்டியே சொல்வார், அப்படியே நடக்கும். 2021 நவம்பரில் தி.நகர் நாள்கணக்கில் மிதந்தபோது, செய்திகளில் வந்த தெருப்பெயர்கள் தாத்தா எனக்குச் சொல்லிவைத்தவைதான். வள்ளுவர் கோட்டத்தருகே தொடங்கி அடையாற்றில் சேரும் மாம்பலம் கால்வாய் ஒன்றே அத்தனை நீருக்கும் வழி. ஒரு பெரிய ஏரி தாங்கியதை ஒரு கால்வாயின் தலையில் கட்டியிருக்கிறோம். அது அடைபட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் எங்கே போகும்?

பூங்கா எனக்குக் கொடுத்த மாலைகளுக்கு ஈடே கிடையாது. ஆனால் ஏரியை அழித்தால்தான் பூங்கா என்ற நிலை இருக்கவில்லை. அதற்குச் சேத்துப்பட்டு சாட்சி. நகரத்தின் நடுவே, ரயில் நிலையத்தை ஒட்டியே, அந்த ஏரி பிழைத்துக் கிடந்தது. 2016-ல் அதைச் சுற்றி நடைபாதை போட்டு, படகு விட்டு, பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே குழந்தைகள் படகிலிருந்து கைநீட்டித் தண்ணீரைத் தொடுகிறார்கள். நான் கற்பனை செய்துகொண்ட ஏரி அவர்களுக்குக் கண்ணெதிரே இருக்கிறது.

பனகல் பூங்காவுக்கு அடியில் இப்போது மெட்ரோ சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். நிலையம் திறக்கும் நாளில் அதன் சுவரில் அந்த நெடிய ஏரியின் வரைபடத்தைக் கரை கரையாகத் தீட்டிவைக்க வேண்டும். ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு சிறுமி தான் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறாள் என்று கேட்கட்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் ஏரிகளிலும் மிஞ்சியிருக்கும் நீரை அவள் தலைமுறையாவது விட்டுக்கொடுக்காது.