வாய் ஊறுதா எண்டு பார்

கொழும்பில் ஒரு ஹோட்டல் ரெஸ்டோரன்டில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மூன்றாவது மாதம். கனடாவிலிருந்து வந்த ஒரு ஐயா குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். மெனுவில் இருந்த மோசல் ரீஸ்லிங் வைனைக் காட்டி, "தம்பி, இது இனிப்போ? எனக்குச் சீனி வருத்தம்" என்று கேட்டார்.

பயிற்சியில் அதை ஒரு வாய் ருசித்துத் துப்பியிருந்தேன். பச்சை ஆப்பிளைக் கடித்தது மாதிரி ஒரு கூர்மை. அது மட்டும்தான் ஞாபகம். "இல்லை ஐயா, நல்ல புளிப்பு. இனிப்பே இல்லை" என்று துணிந்து சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற சுப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டு வேறு வைன் எடுத்துக் கொடுத்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய்ப் போத்தலைத் திருப்பிக் காட்டினார். அல்கஹோல் 8.5%.

"சாதாரண வைனில 12, 13 வரும். இதில ஏன் குறைவு?"

எனக்குத் தெரியவில்லை. திராட்சையின் சீனியைத்தான் ஈஸ்ட் அல்கஹோலாக மாற்றுகிறது. இடையில் நிறுத்தினால் மாறாத சீனி வைனிலேயே தங்கிவிடும். அந்த மாதிரி இனிப்பு ரீஸ்லிங்கில் லீட்டருக்கு 40 கிராம் சீனி இருப்பது புதினமில்லை. 150 மில்லிலீட்டர் கிளாஸ் ஒன்றில் 6 கிராம், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. அதைத்தான் நான் சீனி வருத்தக்காரருக்கு "இனிப்பே இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். கை நடுங்கிவிட்டது.

என் நாக்கு ஏன் பொய் சொன்னது? மோசல் ஜேர்மனியில் குளிரான பக்கம். அங்கே திராட்சை மெதுவாகப் பழுக்கும், புளிப்பு இறங்காது. சீனியும் கூட, புளிப்பும் கூட. ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

வேலை முடிந்ததும் சுப்பர்வைசர் இரண்டு கிளாஸ் தண்ணீரில் ஒரே அளவு தேசிக்காய்ப் புளி விட்டார். ஒன்றில் மட்டும் சீனி.

"எது புளிப்புக் கூட?"

"சீனி போடாதது."

"புளி ரெண்டிலயும் ஒண்டுதான். விழுங்கிப்போட்டு வாய் எவ்வளவு ஊறுது எண்டு பார்."

இரண்டிலும் வாய் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஊறியது. அன்றிலிருந்து எனக்குப் புளிப்பின் அளவுகோல் உமிழ்நீர்தான். இனிப்பைப் பிடிக்க இன்னொரு வழி: மூக்கைப் பொத்திக்கொண்டு ருசிப்பது. பழ வாசனை, இல்லாத இனிப்பையும் இருப்பதாகக் காட்டும். நல்லாய்க் குளிர்ந்த வைன், இருக்கிற இனிப்பையும் ஒளிக்கும்.

அடுத்த நாள் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கதையைச் சொன்னேன். வைன் என்றதும் முதலில் ஏச்சு. பிறகு, "மாங்காய்க் கறியில புளி கூடினா நான் ஒரு கிள்ளுச் சீனி போடுறனான் தானே" என்றா.

"அப்ப புளி போயிடுமோ அம்மா?"

"எங்க போறது? அடங்கி இருக்கும்."

சுப்பர்வைசர் ஒரு மாலை முழுக்கச் சொன்னதை அம்மா இரண்டு சொல்லில் முடித்துவிட்டா. திராட்சையின் முக்கியமான அமிலம் டாட்டாரிக் அமிலம். எங்கட பழப்புளியிலும் அதே அமிலம்தான். அதுவரை வைனை யாரோ வேறு ஆட்களின் பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் புளிப்பு என் வாய்க்கு எப்போதோ பழக்கம்.

சமநிலை என்றால் பாதி இனிப்பு, பாதி புளிப்பு என்று நினைத்திருந்தேன். அதுவும் பிழை. புளிப்பில்லாத இனிப்பு சீனிப்பாணி மாதிரித் திகட்டும். இனிப்போ வேறு எதுவுமோ தாங்காத புளிப்பில் பல் கூசும். இரண்டும் பலமாக இருந்தும் ஒன்று மற்றதை விழுத்தாமல் நின்றால், அதுதான் சமநிலை.

ஆனால் சமநிலையாக ருசிப்பதால் சீனி குறைந்துவிடாது. இப்போது யாராவது கேட்டால் முதலில் லேபிளைப் பார்க்கிறேன். நுரைக்காத ஜேர்மன் வைன் போத்தலில் 'ட்ரொக்கன்' என்று இருந்தால் சீனி லீட்டருக்கு 9 கிராமைத் தாண்டாது. அதன் பிறகுதான் என் நாக்கு என்ன சொல்கிறது என்று சொல்வேன். சீனி வருத்தம் என்று சொன்னால், நாக்கின் கதையை எடுப்பதே இல்லை.