குடல்வாலுக்கும் மதிப்பெண் உண்டு



நம்மவரிடையே வயிற்றுவலி என்றால் பெரும்பாலும் ஒரே பெயர்தான்: ‘கேஸ்திரிக்’. மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். வலி விடாதபோதுதான் மருத்துவமனையை நினைப்போம். அங்கே இரத்தத்தைச் சோதித்து “இயல்பாக உள்ளது” என்று சொல்லிவிட்டால் மனம் குளிர்ந்துவிடும். குடல்வால் அழற்சியைப் பொறுத்தவரை அச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவருக்குச் சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலி கண்டது. நண்பகலில் எடுத்த இரத்தத்தில் குறை ஏதுமில்லை. ஆயினும் மருத்துவர், “வலி வலப்பக்கம் இறங்கினால் நேரம் பாராமல் வாருங்கள்; இறங்காவிட்டாலும் நாளைக் காலை வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினார். அன்றிரவே வலி இறங்கியது. “பகலில்தானே சோதித்தார்கள், ஒன்றுமில்லை என்றார்களே” என்று வீட்டார் தயங்கினர். ஆசிரியை பிடிவாதமாகப் புறப்பட்டார். இரண்டாம் சோதனையில் எண்கள் ஏறியிருந்தன. விடிவதற்குள் அறுவைச் சிகிச்சை முடிந்தது. நல்லவேளை, குடல்வால் வெடித்திருக்கவில்லை.

முதல் சோதனை தவறானதன்று. இரத்தம் நோயைச் சொல்வதற்குக் காலம் பிடிக்கிறது. உடலில் அழற்சி தோன்றியதும் கல்லீரல் ‘சி.ஆர்.பி’ எனும் புரதத்தைச் சுரக்கிறது. அதன் அளவு கூடுவதற்குச் சில மணி நேரமும் உச்சத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு நாளும் ஆகும். வலி தொடங்கியவுடன் எடுத்த இரத்தத்தில் அது இயல்பாகவே இருக்கலாம்.

மருத்துவர்கள் இதனை மதிப்பெண் முறையிலேயே கணக்கிடுகின்றனர் என்பதை அறிந்தபோது, ஓர் ஆசிரியர் என்ற வகையில் எனக்கு வியப்பாக இருந்தது. 1986இல் அல்வராடோ என்ற மருத்துவர் வகுத்த முறையில் மொத்தம் 10 மதிப்பெண்கள்.

வலி இடம் பெயர்தல் – 1
பசியின்மை – 1
குமட்டல் அல்லது வாந்தி – 1
வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டால் வலித்தல் – 2
அழுத்திய கையை எடுக்கும்போது வலித்தல் – 1
காய்ச்சல் – 1
வெள்ளணுக்கள் கூடுதல் – 2
அவற்றுள் நியூட்ரோபில் வகையின் பங்கு மிகுதல் – 1

கூட்டிப் பாருங்கள். இரத்தத்திற்கு உரியவை 3. கேட்டும் தொட்டும் அறிபவை 7. இரத்தத்தில் சுழியம் பெற்றவரும் மொத்தத்தில் 7 பெற முடியும். 7 என்பது குடல்வால் அழற்சி இருக்கக்கூடும் என்று கருத வேண்டிய அளவு.

2008இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட மற்றொரு முறையில் சி.ஆர்.பியும் சேர்க்கப்பட்டது. அதில் மொத்தம் 12. இரத்தத்திற்கு 6, அதாவது சரிபாதி. அங்கும் மறுபாதி நோயாளியின் வயிற்றில்தான் இருக்கிறது. இரு முறைகளிலும் மொத்தம் 4ஐத் தாண்டாவிட்டால் நோய்க்கான வாய்ப்பு குறைவு.

அப்படியானால் இரத்தப் பரிசோதனை வீணா? இல்லவே இல்லை. வலி தொடங்கி ஒரு நாளுக்கு மேலாகியும் வெள்ளணுக்கள், சி.ஆர்.பி இரண்டுமே இயல்பாக இருந்து, வயிற்றிலும் பெரிய அறிகுறி இல்லையென்றால், பெரியவர்களுக்குக் குடல்வால் அழற்சி இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. வேண்டாத ஊடுகதிர் ஸ்கேனும் வேண்டாத அறுவையும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. ஐயம் நீங்காதவர்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதும்.

முதியோரிடம் அறிகுறிகள் மங்கலாகத் தெரியலாம். கருவுற்ற பெண்களுக்கு வெள்ளணுக்கள் இயற்கையாகவே கூடியிருக்கும். இவர்கள் விஷயத்தில் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது.

ஆகவே அன்பர்களே, இரத்தம் எடுக்கும்போது வலி தொடங்கிய நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். வீடு திரும்பும் முன், “எந்த நிலையில் மீண்டும் வர வேண்டும்?” என்று கேட்டறியுங்கள். அந்த நிலை வந்துவிட்டால், கையிலுள்ள அறிக்கை பழைய அறிக்கை. அதை மடித்து வைத்துவிட்டு உடனே புறப்படுங்கள்.