கலரியிலிருந்து எழுந்து போனவர்

சினிமாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை ஒரு கலையாகக் கற்றவர்கள். ஆனால் படமாளிகைகளை நிரப்பியோர் அவர்களல்லர். வேலை முடிந்த மாலையில், கையிற் காசிருந்தால், சுவரொட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையும் சாதாரண சுவைஞனே அவற்றை வாழவைத்தவன். நெறியாளர் யாரென்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டிய தேவையுமில்லை. இங்கே பேசப்படுபவரும் அத்தகைய ஒருவரே. யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறியவர், எழுபதை எட்டிவிட்டவர். எம். ஜி. ஆர்., சிவாஜி படங்களைக் கலரியிலிருந்து பார்த்து வளர்ந்தவர். முழங்கால் வருத்தத்தினால் மழைக்காலம் முழுவதும் வீட்டோடு முடங்க நேர்ந்தபொழுது, மகள் தன் மடிக்கணினியில் அவருக்குச் சில படங்களைப் போட்டுக் காட்டினாள்.

முதலிற் பார்த்தது மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022). தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவருக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகக் கிழவர் மாயாண்டி மறியலில் இருக்கையில், வயலிற் பயிர் வாடுகிறது. அதற்குத் தண்ணீர் விடும்படி நீதிபதி பொலிஸ்காரர் ஒருவரைப் பணிக்கிறார். இக்கட்டத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உண்மையாகவே ஒரு விவசாயி என்றும், படம் வெளிவருமுன்னரே காலமாகிவிட்டார் என்றும் மகள் கூறியபின் சிரிப்பு அடங்கிற்று.

அடுத்தவை இரண்டும் வினோத்ராஜின் படங்கள். றொட்டர்டாம் விழாவில் 2021 ஆம் ஆண்டு பரிசு பெற்ற ‘கூழாங்கல்’லில், குடிகாரத் தந்தையும் சிறுவனான மகனும் வெயிலில் நடக்கிறார்கள், நடந்துகொண்டேயிருக்கிறார்கள். கோபித்துப் போன மனைவியை அழைத்துவரப் போனவன் வெறுங்கையோடு திரும்பும் வழி அது. “இதில் என்ன கதை?” என்று அவர் இருமுறை கேட்டார். ஆயினும், சிறுவன் தாகத்தை அடக்கக் கூழாங்கல் ஒன்றை வாயிலிட்டுக்கொள்ளும் காட்சியில் அவர் நாக்கும் வறண்டிருக்க வேண்டும். எழுந்து சென்று செம்பில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார். படத்தின் வெற்றிக்கு விமரிசகர்கள் எழுதியவற்றைவிட அந்தச் செம்புத் தண்ணீர் நல்ல சான்று எனலாம்.

‘கொட்டுக்காளி’ (2024) அவரைத் தொந்தரவு செய்தது. வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்பிய மீனாவைப் பேய் பிடித்ததாகக் கொண்டு, முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினரும் ஓட்டோவிலும் மோட்டார்ச் சைக்கிள்களிலும் சாமியாரிடம் இட்டுச் செல்கின்றனர். பாண்டியின் கம்மிய தொண்டையிற் சுண்ணாம்பு பூசப்பட்டிருக்கிறது. அந்தக் குரலாலேயே அவன் எல்லோரையும் ஏசுகிறான். அவளோ ஏறத்தாழப் படம் முழுவதும் பேசாதிருக்கிறாள். பின்னணி இசை கிடையாது. இனி என்ன நடக்கப்போகிறது என்று காத்திருக்கையிலேயே படம் நின்றுவிடுகிறது. கணினி பழுதடைந்துவிட்டதெனக் கருதி அவர் மகளைக் கூப்பிட்டார். அதுதான் முடிவு என்று அவள் சொன்னாள். “முடிவைச் சொல்லாமல் விடுவது கெட்டித்தனமில்லை” என்றவர், அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாள் அவராகவே ஒரு படத்தைக் கேட்டார். அது ‘பொன்மணி’.

யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் ராஜதுரையின் திரைக்கதையைக் கொண்டு ஆக்கிய அப்படம் 1977 இல் வெளிவந்தது. சீதனச் சுமையும் சாதிக் கட்டுப்பாடும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை என்ன செய்கின்றன என்பதே அதன் பொருள். மக்கள் அதனை ஆதரிக்கவில்லை. அவ்வாறு ஆதரிக்காத மக்களுள் இவரும் ஒருவர். நண்பர்களுடன் கலரியில் அமர்ந்திருந்தவர் பாதியிலேயே எழுந்து போனார். திரையிலிருந்து தம் வீட்டுப் பேச்சு ஒலித்தபொழுது கலரி சிரித்தது. காதலும் சோகமும் சென்னைத் தமிழில் நிகழவேண்டியவை, யாழ்ப்பாணப் பேச்சு நகைச்சுவை நாடகத்துக்கு உரியது என்றே செவிகள் பழகியிருந்தன. “நாங்கள் கதைக்கிறதைக் கேட்க ஏன் காசு குடுப்பான்?” என்று அன்று கேட்டதை அவர் பின்னரும் பலமுறை பெருமையோடு சொல்லியதுண்டு. படம் ஆமை வேகத்திற் போகிறது என்பது அவரது இன்னொரு காரணம்.

இக்காரணங்கள் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி அடுத்த ஆண்டு, 1978 இல், வந்த ‘வாடைக்காற்று’ படத்தை அவர் இறுதிவரை பார்த்தார். அதிலும் நம்மவர் பேச்சுத்தான் இருந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியபின் ‘பொன்மணி’யைப் பார்க்கும்போது அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. படம் மெதுவாகத்தான் போயிற்று. கூழாங்கல்லோடு வெயிலில் நடந்து வந்தவருக்கு அது இப்பொழுது குறையாகப்படவில்லை. பொன்மணியின் காதலை அறிந்து வீட்டார் கொள்ளும் முகங்களைக் கண்டதும் அவர் அசையாதிருந்தார். எந்த இடத்தில் அன்று எழுந்து போனார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அதே 1977 இல் அவர் வீட்டிலும் ஒன்று நடந்தது. ஆசிரியையாயிருந்த தமக்கையை, உடன் கற்பித்த ஆசிரியர் ஒருவர் மணஞ்செய்யக் கேட்டார். சாதி பொருந்தவில்லை. தகப்பனார் சத்தமிடவில்லை, எவரும் அடிக்கவில்லை. மறுமொழி மாத்திரம் ஒரு கடிதவுறையில் அனுப்பப்பட்டது. அதனைச் சைக்கிளிற் கொண்டுபோய்க் கொடுத்தவர் இவர். இருபத்திரண்டு வயது; உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிந்தே கொண்டுபோனார். தமக்கையார் பின்னர் மணஞ்செய்யவில்லை. வளவின் மறுகோடியிலுள்ள பழைய வீட்டில் இன்றும் தனியே இருக்கிறார்.

மறுநாட் காலை, மழை விட்டிருந்த வேளையில், அவர் ஊன்றுகோலுடன் அங்கே சென்றார். முற்றத்தில் தேங்கிய நீரைக் கடக்கச் சிறிது நேரமெடுத்தது. என்ன சொல்வதென்று எண்ணிப் போனாரோ, அது வாயில் வரவில்லை. கடைசியில், மகளிடம் ‘பொன்மணி’ என்றொரு பழைய படம் இருக்கிறது, பார்க்க விருப்பமா என்று கேட்டார்.

“அதை நான் அப்பவே பாத்தனான், தம்பி” என்றார் தமக்கையார். “எங்கடை ரீச்சர்மாரோடை போய், கடைசி மட்டும் இருந்து பாத்தனான்.”

பிறகு, நிலம் வழுக்கும், பார்த்து உள்ளே வரும்படி கூறிவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.