சனிக்கிழமை மூன்று மணி

2017-18 குளிர்காலத்தில் சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆனால் தூத்துக்குடியில் எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். ஆட்டம் தெரியாது, கோல் கணக்கு மட்டும் மாறும். அணி, இங்கிலாந்துக் கால்பந்துக் கழகமான பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1995-ல் பிரீமியர் லீக் சாம்பியன். 2010-ல் புனேயின் கோழிப்பண்ணை நிறுவனம் வெங்கீஸ் அதை வாங்கியது. 2017-ல் மூன்றாம் படிநிலையான லீக் ஒன்னுக்கு இறங்கிவிட்டது. நம்மவர் கைக்குப் போன அணி என்று ஒட்டிக்கொண்ட பாசம்தான் எனக்கு. அந்தப் பருவத்தின் முதல் 2 லீக் ஆட்டங்களிலும் தோல்வி. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது.

கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டார்: "என்ன தம்பி, இவனுவ எப்பவும் சனிக்கிழமை ராத்திரிதான் ஆடுவானுவளா?"

அங்கே அது பிற்பகல் 3 மணி என்றேன். ஏன் 3 மணி? தெரியவில்லை. தேடினேன்.

விடை ஒரு தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறாருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை முடிய வேண்டும் என்றது இங்கிலாந்தின் 1850-ஆம் ஆண்டுச் சட்டம். அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது. ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. 2 மணிக்கு ஆலை நின்றால் 3 மணிக்கு மைதானம். பிளாக்பர்ன் பருத்தி ஆலை ஊர். ரோவர்ஸ் பிறந்தது 1875-ல். அதே ஊரின் பிளாக்பர்ன் ஒலிம்பிக் 1883-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் ஓல்ட் ஈட்டோனியன்ஸை 2-1 என்று வென்றது. வென்றவர்களில் நெசவாளிகள் இருந்தார்கள். ஒரு பிளம்பரும் இருந்தார்.

அந்த ஊர்த் தறிகள் நெய்ததில் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கான வேட்டி. அமெரிக்க உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தபோது, திருநெல்வேலிப் பருத்தி எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறியது.

அப்படியானால் எங்கள் ஊர் ஆலைக்காரர்களுக்கு அரைநாள் இருந்ததா? ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் வார விடுமுறையே கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். அங்கே சட்டம் தந்ததை இங்கே போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

2018 ஏப்ரல் 24. டான்காஸ்டர் மைதானத்தில் சார்லி மல்குரூ தலையால் முட்டிய ஒரே கோல். ரோவர்ஸ் மேலே ஏறியது உறுதியானது. பருவ முடிவில் 96 புள்ளிகள், இரண்டாம் இடம்.

மறுநாள் அண்ணாச்சியிடம் தேடிய கதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார். அவர் கடைக்கு இன்றும் வார விடுமுறை கிடையாது.