பீலே ஓடிய பார்க்கிங்

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் நியூ ஜெர்ஸி போகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். மனைவிக்கு ஹேண்ட்பேக். தங்கைக்கு சாக்லேட். எதிர்வீட்டுக்காரருக்கு மூட்டுவலி மாத்திரை. கும்பகோணத்திலிருந்து மாமா மட்டும் போன் பண்ணி, "எனக்கு ஒரு பிடி மண் போதும்டா" என்றார்.

"எந்த மண் மாமா?"

"பீலே ஆடின மண்ணு. ஜயன்ட்ஸ் ஸ்டேடியம்."

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1977-ல் அவர் கல்கத்தாவில் பாங்க் கிளார்க். இருபத்தைந்து வயசு, மெஸ் சாப்பாடு, கல்யாணம் ஆகவில்லை. அந்த வருஷம் செப்டம்பர் 24, சனிக்கிழமை. ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானுடன் ஆட நியூயார்க் காஸ்மாஸ் டீம் வந்தது. டீமில் பீலே! மாமா அரை நாள் பாங்கை முடித்துக்கொண்டு, மெஸ்ஸுக்குக் கட்ட வேண்டிய பணத்தை டிக்கெட்டில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அன்றைக்கு பீலே ஒரு கோல் போட்டாராம். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தக் கோல் கண்டிப்பாக உண்டு. வருஷத்துக்கு வருஷம் தூரம் கூடிக்கொண்டே போகும். என் தங்கை கல்யாணத்தில் முப்பத்தைந்து கஜத்தைத் தொட்டுவிட்டது. 2022 டிசம்பரில் பீலே இறந்த அன்று மாமா ராத்திரி சாப்பிடவில்லை.

கேட்டவர் அப்படிப்பட்டவர். மறுக்க முடியுமா?

எடிசனில் இருக்கும் மாமா பையன்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் அழைத்துப் போனான். "மச்சான், அங்கே ஒண்ணும் இல்லை. பக்கத்துல பெரிய மால் இருக்கு, வீட்டுக்குள்ளேயே பனிச்சறுக்கு விடலாம், அதைப் பாரு" என்று வழியெல்லாம் ஆசை காட்டினான். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், ஆள் உயரத்துக்கு நாணல். இப்படிப்பட்ட இடத்துக்கா அத்தனை ஜனம் வந்தது?

வந்தது சார். 1977-ல் வந்தது.

வட அமெரிக்க சாக்கர் லீக் 1968-ல் ஆரம்பித்தது. முதல் சில வருஷங்கள் பாதி காலரி காலி. அமெரிக்கர்களுக்கு ஃபுட்பால் என்றால் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதுவது. காலால் உதைப்பது அயல்நாட்டுச் சரக்கு. 1975-ல் பீலேயைக் கூட்டி வந்தார்கள். முதல் மாட்ச் நடந்த மைதானத்தில் புல் சரியாக இல்லை. டி.வி.யில் அசிங்கமாகத் தெரியுமே என்று வெற்று மண்ணுக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டார்கள்! மாட்ச் முடிந்து காலைப் பார்த்த பீலே, பச்சைப் பச்சையாக ஏதோ தொற்றிக்கொண்டது என்று பயந்துபோனாராம்.

காஸ்மாஸின் முதலாளி வார்னர் கம்யூனிகேஷன்ஸ், சினிமாக் கம்பெனி. செட் போடத் தெரிந்தவர்கள். 1977 சீசனில் டீமை ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். இத்தாலியின் கினாலியா ஏற்கெனவே இருந்தார். ஜெர்மனியிலிருந்து பெக்கன்பவரையும் பிரேஸிலிலிருந்து கார்லோஸ் ஆல்பெர்ட்டோவையும் கொண்டு வந்தார்கள்.

அந்த சீசனில் 18 டீம். விதிகளோ தனி ரகம். ஜெயித்தால் 6 பாயின்ட், அடிக்கும் கோலுக்கு ஒன்று வீதம் மூன்று வரை போனஸ். தீபாவளிக்கு நமக்குக்கூட இப்படிக் கிடைப்பதில்லை. டிரா என்ற பேச்சே கிடையாது. சமமாக முடிந்தால் எக்ஸ்ட்ரா டைம், அதிலும் முடிவு வராவிட்டால் 35 கஜத்திலிருந்து ஒருத்தன் பந்தோடு கோல்கீப்பரை நோக்கி ஓடி வர வேண்டும். ஐந்து செகண்டுக்குள் அடித்தாக வேண்டும். கௌபாய் சண்டை மாதிரி!

ஜூன் 19-ம் தேதி டாம்பா பே டீமுக்கு எதிராக பீலே மூன்று கோல். கூட்டம் 62,394. ஆகஸ்ட் 14-ம் தேதி ஃபோர்ட் லாடர்டேலுடன் பிளே-ஆஃப் மாட்ச், 77,691 பேர். எதிர் டீமின் கோல்கீப்பர் இங்கிலாந்தின் கார்டன் பேங்க்ஸ். 1972-ல் நடந்த கார் விபத்தில் ஒரு கண் பார்வை போனவர். ஒற்றைக் கண்ணோடு ஆடி, அந்த சீசனின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். ஆனால் அன்று காஸ்மாஸ் 8-3. பாவம், மனுஷர்!

ஃபைனல் ஆகஸ்ட் 28-ம் தேதி, போர்ட்லண்டில். சியாட்டில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து, சாவகாசமாகக் கீழே உருட்டினார். பின்னால் ஸ்டீவ் ஹன்ட் நிற்பதைக் கவனிக்கவில்லை. ஹன்ட் பிக்பாக்கெட் மாதிரி பந்தைத் தட்டிக்கொண்டு போய்க் கோலுக்குள் தள்ளினார். சியாட்டில் திருப்பி அடிக்க, பிறகு கினாலியா தலையால் முட்டி 2-1. பீலேயின் கடைசி லீக் மாட்ச் அது.

அப்புறம்தான் கோளாறு. பக்கத்து சீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கினால் நாமும் பி.எஃப். லோனுக்கு மனுப் போடுவோம் இல்லையா? அதே கதை. காஸ்மாஸைப் பார்த்து எல்லா ஊரும் ஸ்டார்களைத் தேடியது. 1978-ல் டீம்கள் 24. டிக்கெட் வசூல் சம்பளத்துக்கே காணவில்லை. நேரடி ஒளிபரப்பு செய்த டி.வி.யும் கழன்றுகொண்டது. 1984-ல் மிஞ்சியவை 9. 1985-ல் லீகுக்கே பூட்டு.

காரை நிறுத்தி இறங்கினோம். காவலர் வந்தார். "இன்னிக்கு கேம் இல்லையே?" விஷயத்தைச் சொன்னோம். "பீலேயா? இங்கேயா?" என்று என்னை ஒரு தினுசாகப் பார்த்தவர், பிறகு கையை நீட்டினார். புது ஸ்டேடியத்துக்கு எதிரே, அகலமாக ஒரு கார் பார்க்கிங். ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தை 2010-ல் இடித்துவிட்டார்கள். தார், கோடுகள், ஒரு நசுங்கிய கோக் டின். அவ்வளவுதான். 2026 உலகக் கோப்பை ஃபைனலை ஒதுக்கியது, அடுத்தாற்போல் நிற்கும் அந்தப் புது ஸ்டேடியத்துக்கு.

"அந்த நாணல் ஓரத்துல கொஞ்சம் மண் எடுத்துக்கோ மச்சான். அப்பாவுக்கு என்ன தெரியப் போறது?"

கர்சீப்பை விரித்துக் குனிந்தும்விட்டேன். மனசு கேட்கவில்லை. மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். கும்பகோணத்தில் ராத்திரி ஏழரை.

"மாமா, இங்கே மண் கிடையாது. தார்தான் இருக்கு. 1977-லயும் மண் கிடையாது. பிளாஸ்டிக் புல்லு."

மாமா ஒன்றும் பேசவில்லை. போனைச் சுற்றிக் காட்டினேன். தார், கோடுகள், தூரத்தில் நாணல். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். ஈடன் கார்டன்ஸ் மாட்ச் 2-2. கோல் போட்டவர்கள் பட்டியலில் பீலே பெயர் இல்லை. பிளேனில் படித்ததிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. சொல்லலாமா, வேண்டாமா?

மாமாவே முந்திக்கொண்டார்.

"நீ உண்மையைச் சொன்னியே, நானும் சொல்லிடறேன். அன்னிக்கு அவர் கோல் போடலைடா."

"...தெரியும் மாமா."

"மழை பெஞ்சு கிரவுண்டெல்லாம் சேறு. பெக்கு மாதிரி சறுக்கி விழுந்துடப் போறாரேன்னு எல்லாருக்கும் பயம். எங்கிட்டேர்ந்து பார்த்தா கட்டைவிரல் அளவுதான் தெரிஞ்சார். ஆனா, ஒருதரம் பந்து அவர் கால்ல வந்தப்போ, ஊரே மூச்சு விடலை. அந்த ஒரு செகண்டை எப்படிடா சொல்றது? சொன்னா யாருக்குப் புரியும்? அதான் ஒரு கோலா மாத்திட்டேன்."

மச்சான் மாலைப் பற்றி மறந்துவிட்டு போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா, கோல் போஸ்ட் எந்தப் பக்கம்டா இருந்திருக்கும்?" என்றார் மாமா.

எனக்கு எப்படித் தெரியும்? நூறு அடி தூரத்தில் இரண்டு விளக்குக் கம்பங்கள் நின்றன.

"அதோ, அந்தப் பக்கம் மாமா" என்றேன்.